ஏறாத ரிங்

கப்பலூரில் எங்கள் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவை மூடியதைப் பற்றி ஆளாளுக்குப் பேசிவிட்டார்கள். சங்கத்தில் பேசினார்கள், கேட் முன்னால் பேசினார்கள், பேப்பரில்கூட நாலு வரி வந்தது. அமெரிக்காக்காரன் இரும்புக்குப் போட்ட வரியால்தான் இருபத்தாறு பெண்களுக்கு வேலை போனது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்ல வேண்டும் என்று திருமங்கலத்தில் நடந்த கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் அங்கே வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவள், பெண்களில் மூத்தவள் என்பதால் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். எல்லாருக்கும் வணக்கம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். கூச்சம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கூச்சம் உண்டுதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

மறுவாரம் சங்கத்துத் தவமணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். "பேச வரலேன்னா எழுதிக் குடு பாக்கியம். நம்ம புஸ்தகத்துல போட்டுருவோம்" என்றார். நம் இதழ் கப்பலூரில் எல்லாக் கம்பெனி கேட்டிலும் கிடைக்கும். சூப்பர்வைசர்களும் வாங்கிப் படிப்பார்கள். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். நான் படித்தது அஞ்சாவது வரை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. முதலில் அட்டைப்பெட்டி ஒட்டினேன், பிறகு எண்ணெய் துடைத்தேன், மூன்றாம் வருஷம் சோதனை மேஜையில் உட்கார வைத்தார்கள். அங்கேயே இருந்துவிட்டேன். எங்களுடையது போல்ட் செய்கிற கம்பெனி. இரும்பு, கம்பிச் சுருளாக வந்து இறங்கும். ஒரு மெஷின் அதை வெட்டித் தலை அடிக்கும். இன்னொரு மெஷின் உருட்டி மரை போடும். முலாம் பூசி எங்கள் மேஜைக்கு வரும். எங்களைத் தாண்டினால் பெட்டி, லாரி, தூத்துக்குடி, கப்பல்.

மேஜையில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு ரிங் கொடுப்பார்கள். உள்பக்கம் மரை வெட்டிய தடித்த இரும்பு வட்டம் அது. பார்க்க நட்டு மாதிரி இருக்கும். ஒரு ரிங்கைப் போல்ட்டில் விரலால் திருகினால் கடைசிவரை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஏறாவிட்டால் போல்ட் தடிமன் என்று அர்த்தம். இன்னொரு ரிங் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறிவிட்டால் போல்ட் மெலிவு, நட்டு அதில் லொடலொடவென்று நிற்கும். இவற்றுக்கு இங்கிலீஷில் பெயர் உண்டு. நாங்கள் ஏறுற ரிங், ஏறாத ரிங் என்போம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை திருகினால் கண்ணே வேண்டாம், விரல் நுனியே சொல்லிவிடும்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு சூசை சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "அம்மா, தயவுசெஞ்சு" என்று ஆரம்பித்தால் மேஜை முழுக்க அடங்கிவிடும். இன்னொரு பழக்கம் அவருக்கு. நாங்கள் பார்த்த போல்ட்டை அவராகத் தட்டிலிருந்து எடுக்க மாட்டார். உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நாமாக எடுத்து வைக்க வேண்டும். எதை வைப்பது என்று யோசிக்கிற அந்த ஒரு நிமிஷத்திலேயே நாம் சரியாகப் பார்த்தோமா இல்லையா என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

அவர் கொண்டுவந்த விதிகள் இரண்டு. முதலாவது, ரிங் கீழே விழுந்தால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். லேசாக விழுந்தாலும் சொல்ல வேண்டும். திட்ட மாட்டார். நோட்டில் எழுதிவிட்டு, விழுந்த ரிங்கைத் தனி டப்பாவில் போட்டுப் பூட்டி, வேறு ரிங் கொடுப்பார். பூட்டினது சோதனைச்சாலைக்குப் போய்ச் சரி என்று எழுதி வந்தால்தான் மறுபடி மேஜைக்கு வரும்.

இரண்டாவது விதி சிவப்புக் கார்டு. சரக்கில் சந்தேகம் வந்தால் மேஜையில் இருக்கிற யார் வேண்டுமானாலும், நேற்றுச் சேர்ந்த பெண்கூட, ஒரு சிவப்புக் கார்டை எடுத்து அந்தச் சரக்கில் மாட்டலாம். மாட்டிவிட்டால் சரக்கு அங்கேயே நிற்கும். அதை மாட்டினவள்தான் எடுக்க வேண்டும். சூசை சார் எடுக்கக் கூடாது, மேனேஜர் எடுக்கக் கூடாது, முதலாளியும் எடுக்கக் கூடாது. எடுக்கும்போது அவள் தன் நம்பர் முத்திரையை நோட்டில் குத்த வேண்டும். என் நம்பர் பதினாலு. பெரிய முதலாளி இருந்தபோது ஒரு நாள் அவரே அவசரமாக வந்து, சேர்ந்து ஏழு மாசம் ஆன ஒரு பெண்ணிடம், கார்டை எடுக்கலாமா தாயி என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி முடியாது என்றாள். அவர் அப்படியே திரும்பிப் போனார். அந்தப் பெண் பயந்து அழுதாள். வேலை ஒன்றும் போகவில்லை. அதிலிருந்து அந்தக் கார்டுக்கு எங்களிடம் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

இனி வரி விஷயம். இதை எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

கொரோனா முடிந்து கொஞ்ச காலத்தில் வெளிநாட்டு போல்ட் நம் ஊர்க் கடைகளில் மலிவாக வந்து குவிந்தது. உள்நாட்டுக்குச் செய்கிற எங்கள் பக்கத்து ஷெட்டில் பாதி மெஷின் நின்றது. வெளிச்சரக்குக்கு வரி போடு என்று கேட்டு மனுக் கொடுக்கப் போனோம். சங்கமும் முதலாளியும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்கு ஒருநாள்தான். கம்பெனி வேனிலேயே கலெக்டர் ஆபீஸ் போனோம். மனுவில் நான் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் வரி வந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்றார் தவமணி அண்ணன். ஆனால் அந்த வரி போல்ட்டுக்கு வரவில்லை, இரும்புக்கு வந்ததாம். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த கம்பியே கப்பலில் வருகிற கம்பிதான். அது விலை ஏறிவிட்டது. நம் நாட்டிலும் நல்ல கம்பி உண்டு, அதுவும் கூடவே ஏறிவிட்டது. முதலாளி மகன், நாங்கள் தம்பி என்று கூப்பிடுவோம், அப்போது அவர்தான் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கெங்கேயோ கிடைத்த கம்பியை வாங்கிப் போட்டார். ஒரு சுருள் நன்றாக இருக்கும். அடுத்தது ஒரு இடத்தில் தடிமனாக, ஒரு இடத்தில் மெலிந்து இருக்கும். கம்பி மெலிந்தால் மரையும் மெலியும். மேஜையில் கழிவுத் தட்டு சீக்கிரம் நிறைய ஆரம்பித்தது. நாம் கேட்டு வாங்கின வரியாலா இது என்று சூசை சாரிடம் கேட்டேன். அப்படியும் சொல்லலாம் என்றார். அப்படியும் என்றால் வேறு எப்படிச் சொல்லலாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அமெரிக்காவின் வரி வந்தது. நம் இரும்பு, நம் போல்ட் எல்லாவற்றுக்கும் அங்கே வரி. மறுபடியும் மனு. இந்தத் தடவை வரியை எடு என்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தவமணி அண்ணன் கையெழுத்து வாங்க வந்தார். என் பக்கத்தில் உட்காருகிற ஜெயராணிதான் கேட்டாள்.

"அண்ணே, போன தடவ வரி போடுன்னு கத்துனோம். இந்தத் தடவ போடாதேன்னு கத்தணுமா?"

"அது நாம போட்டது. இது அவன் போடுறது."

"அவனும் அவன் ஊருல ரிங்கு திருகுற பொம்பளைக்குத்தானண்ணே போடுறான்?"

"நீ யாரு பக்கம்டீ?"

"என் பக்கந்தாண்ணே. எந்த வரி இருந்தா எனக்கு வேலை இருக்கும்னு சொல்லுங்க. அதுக்குக் கத்துறேன்."

எல்லாரும் சிரித்தோம். தவமணி அண்ணனும் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மனுவிலும் இருக்கிறது என் கையெழுத்து. எதற்குப் போட்டேன் என்று இரண்டு தடவையும் எனக்குத் தெரிந்திருந்த மாதிரிதான் இருந்தது.

ஜெயராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனக்கன்குளத்தில் வீடு. அப்போது முப்பத்துநாலு வயது. வீட்டுக்காரருக்கு மாட்டுத்தாவணியில் லோடு இறக்குகிற வேலை, இருந்தால் உண்டு. இரண்டு பெண் பிள்ளைகள் மிஷன் ஸ்கூலில் படித்தார்கள். வாய் அதிகம், விரலும் அதேபோல. சேர்ந்த இரண்டு வருஷத்தில் என்னைவிட வேகமாகப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு அதில் பொறாமை இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வரி அமலுக்கு வருகிற தேதி தெரிந்ததும் தம்பி ஷெட்டுக்கு வந்தார். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "இந்தத் தேதிக்குள்ள சரக்கு கப்பல் ஏறிட்டா வரி கிடையாதுன்னு ஏஜென்ட் சொல்றான். ஏறலேன்னா வாங்குற பார்ட்டி ஆர்டரே வேண்டாம்பான். அவன் வேண்டாம்னுட்டா இந்த ஷெட்ட நான் ஓட்ட முடியாது" என்றார். பத்து நாள் வேலையை நாலு நாளில் முடிக்க வேண்டும். இருபத்தெட்டுப் பேரும் டீக்கு எழுந்திருக்காமல் பார்த்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தட்டை நகர்த்தும்போது என் முழங்கை பட்டு ஏறாத ரிங் கீழே விழுந்தது. சிமெண்டுத் தரை. உருண்டு மரப்பலகைக்கு அடியில் போனது. குனிந்து எடுத்தேன். துடைத்தேன். ஒரு போல்ட்டில் திருகிப் பார்த்தேன். ஏறவில்லை. ஏறாத ரிங் ஏறவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இங்கேயே புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏறுற ரிங் அடிபட்டால் உடனே தெரிந்துவிடும், நல்ல போல்ட்டில்கூட ஏறாது. ஏறாத ரிங் அடிபட்டு மரை நசுங்கினாலும் ஏறாதுதான். ஆனால் ஏறாமல் இருப்பதுதான் அதன் வேலை என்பதால், கெட்டுப்போன பிறகும் ஒழுங்காக வேலை செய்கிற மாதிரியே இருக்கும். நல்ல போல்ட், மெலிந்த போல்ட் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும். இது எனக்குத் தெரியாதா? புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சூசை சார் ஷெட்டின் அந்தக் கோடியில் ஏஜென்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் ரிங்கைப் பூட்டிவிடுவார். கொடுக்க வேறு ரிங்கும் இல்லை. அந்த அளவு போல்ட்டுக்கு எங்களிடம் ஏறாத ரிங் மூன்றுதான், மற்றவர்கள் வேறு அளவு பார்த்தார்கள். ஒன்று என்னிடம், ஒன்று ஜெயராணியிடம். மூன்றாவது, ரிங்குகளைச் சரிபார்க்க வைத்திருக்கிற, மாஸ்டர் என்கிற அளவு போல்ட்டோடு சேர்ந்து வருஷச் சோதனைக்குக் கோயம்புத்தூர் போயிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். இருபத்தேழு பேர் குனிந்து திருகிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது? சொல்லவில்லை. அடுத்த தட்டை எடுத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு லாரி வந்து ஷெட் வாசலில் பின்பக்கமாக நின்றது. கடைசிச் சரக்கு நாற்பது பெட்டி. ஜெயராணி அதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது. அதே போல்ட்டை மறுபடி திருகினாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு எழுந்து போய் ஆணியில் தொங்கின சிவப்புக் கார்டை எடுத்து வந்து பெட்டியில் மாட்டினாள்.

லாரியின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

சூசை சார் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். அவள் போல்ட்டையும் ரிங்கையும் சேர்த்து வைத்தாள். அவர் திருகினார். மூன்று சுற்று, நாலு சுற்று. ஏறுது என்றார். தம்பியும் வந்துவிட்டார். விதி அவருக்கும் தெரியும். கார்டைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சூசை சார் என் பக்கம் திரும்பி, "பாக்கியம்மா, உங்க ரிங்கப் போட்டுப் பாருங்க" என்றார்.

அதே போல்ட்டில் என் ரிங்கைப் போட்டேன். ஒரு சுற்றில் நின்றுவிட்டது. வேறு போல்ட் கொடுத்தார். நின்றுவிட்டது. மூன்றாவதும் அப்படியே. ஜெயராணியின் ரிங் மூன்றிலும் ஏறியது.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அக்கா கையில் வருஷக்கணக்காக இருக்கிற ரிங், அது எப்படித் தப்பும் என்றாள் ஒருத்தி. இந்த மகராசிக்கு மட்டும் எல்லாத்துலயும் ஏறும் என்றாள் இன்னொருத்தி. லாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, தூத்துக்குடி போய்ச் சேர வேண்டாமா என்று கேட்டார்.

எது சரி என்று மாஸ்டர் இல்லாமல் தன்னால் சொல்ல முடியாது என்றார் சூசை சார். சொல்லிவிட்டுத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த நோட்டின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

தம்பி மெதுவாகத்தான் பேசினார். "ஜெயராணி, நீ வச்ச கார்டு. நான் எடுக்கச் சொல்லல. இங்க நிக்கிற அம்புட்டுப் பேரையும் ஒரு தடவ பாத்துக்க. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க ரிங்கு சரின்னா நான் எடுத்துர்றேன்."

"என்னுது சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் கார்டை எடுத்தாள். நோட்டில் முத்திரை குத்தினாள். அவள் நம்பர் இருபத்தேழு. பத்து நிமிஷத்தில் பெட்டிகள் ஏறி லாரி போய்விட்டது. அன்றைக்குத் தம்பி எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கித் தந்தார்.

அந்த நேரத்தில், முந்தின நாள் ரிங் விழுந்தது எனக்கு ஞாபகம் வந்ததா? இதைத்தான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. இத்தனை பேர் முன்னால் சொல்லக் கூசி வாயை மூடிக்கொண்டேன் என்று தோன்றுகிறது. வரவே இல்லை, எல்லாரும் பார்த்த பார்வையில் எதுவுமே நினைவில்லை என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டும் உண்மை மாதிரியே இருக்கிறது. இதற்கு மாஸ்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிந்தது. சால்வை போட்டார்கள். கஷ்டமான நேரத்தில் கம்பெனியைக் காப்பாற்றியவர் என்று தம்பி என்னைப் பற்றிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ரிங்குகளைச் சூசை சாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கப்பல் ஏறின தேதி செல்லாதாம். அங்கே இறங்குகிற தேதிதான் செல்லுமாம். ஏஜென்ட் தப்பாகச் சொல்லியிருக்கிறார், அல்லது தம்பி தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். வரி விழுந்தது. நாலு நாள் நாங்கள் ஓடின ஓட்டம் எதற்கு என்றே இல்லாமல் போனது. முன்பெல்லாம் எங்கள் பெட்டியைப் பிரித்தே பார்க்காத பார்ட்டி, வரி கட்ட வேண்டி வந்ததும் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்திருக்கிறான். நாற்பது பெட்டியிலும் மெலிந்த போல்ட் இருந்ததாம். எடுத்துக்கொள்ள மாட்டேன், இனி ஆர்டரும் இல்லை என்று எழுதிவிட்டான்.

தம்பி சூசை சாரிடம் விளக்கம் கேட்டார். சூசை சார் நோட்டில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். கார்டு வைத்தது இருபத்தேழு. எடுத்தது இருபத்தேழு. நோட்டில் என் பேச்சு இல்லை. ஜெயராணியை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னதைக் காதில் கேட்ட பெண்களும், பாக்கியக்கா ரிட்டயர்டு ஆகிப் போனவர், அவரை எதற்கு இழுக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்களாம். என்மேல் அவர்களுக்கு அன்பு.

அதற்குப் பிறகு ஒரு நாள் சூசை சார் என் வீட்டுக்கு வந்தார். முப்பது வருஷத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. காப்பி வேண்டாம் என்றார். நான் ஒப்படைத்த ரிங்கைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அந்தத் தாளைக் காட்டினார். முதல் மரை நசுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்ததாம்.

"கீழ விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாரேன்மா என்று போய்விட்டார். தாளை அவர் யாரிடமும் காட்டவில்லை. நானும் சொல்லவில்லை.

இதற்குள் அமெரிக்காவில் வரியை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார்கள். வேறு சின்ன ஆர்டர்களை வைத்துச் சில மாதம் ஷெட்டை ஓட்டினார் தம்பி. பிறகு பூட்டிவிட்டார். மீதி இருபத்தாறு பேரும் வெளியே வந்தார்கள். அமெரிக்காவில் ரிங் திருகுகிற பெண்ணுக்காகத்தான் அந்த வரி என்றார்களே, அவளுக்காவது வேலை கிடைத்ததா என்று தவமணி அண்ணனிடம் கேட்டேன். அங்கேயும் கம்பி விலை ஏறிவிட்டதாம், அவளுக்கும் கஷ்டமாம். அப்படியென்றால் அந்த வேலை எங்கே போனது? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

வெளியே வந்தவர்களில் சிலருக்குக் கப்பலூரிலேயே வேறு கம்பெனிகளில் மேஜை வேலை கிடைத்தது. ஜெயராணிக்குக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாள். பழைய கம்பெனி பெயரைச் சொன்னதும், கார்டை எடுத்துவிட்ட பெண்ணா என்று கேட்டார்களாம். இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடை குடோனில் சேலை மடித்து அடுக்குகிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. இதைக் கேள்விப்பட்ட வாரத்தில்தான் திருமங்கலம் கூட்டம் வந்தது. வரிதான் காரணம் என்று மேடையில் சொல்லச் சொன்னபோது எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெயராணி கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துப் போனேன். சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உட்காருங்கக்கா என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"ஜெயராணி, அந்த ரிங்கு முந்தின நாளு கீழ விழுந்துச்சு. நான் சொல்லல."

அவள் கை நிற்கவில்லை. ஒரு பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

"எப்ப விழுந்துச்சு? காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானம். சாப்பாட்டுக்கு முன்னாடி."

"அப்ப அதுக்கப்புறம் நீங்க பாத்தது எல்லாமே பாக்காத மாதிரிதான்."

"ஆமா."

"சாருக்குத் தெரியுமா?"

"கேட்டாரு. தெரியலன்னுட்டேன்."

மகளை எழுந்து போகச் சொன்னாள். சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே பேசினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கார்டு வச்சப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்லக்கா. ஏறுச்சு, வச்சேன். நீங்க உங்களுது சரின்னதும்தான் என் ரிங்கு மேல சந்தேகம் வந்துச்சு. பெறகு என் கை மேலயே வந்துருச்சு. இம்புட்டு நாளா, குடோன்ல சேலைய எண்ணி வச்சிட்டு, திரும்பத் திரும்ப எண்ணுறேன். அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"என்கிட்ட சொன்னா பத்தாதுக்கா. எங்க சொல்லணுமோ அங்க சொல்லுங்க" என்றாள். பிறகு, "வரியையும் சேத்துச் சொல்லுங்க. இல்லேன்னா அம்புட்டும் உங்களாலதான்னு பேசுவாங்க" என்றாள்.

சூசை சாருக்குப் போன் செய்தேன். எழுதப் போகிறேன் சார் என்றேன். "எழுதுங்கம்மா. நான் திரும்பி நின்னதையும் எழுதிருங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஷெட் எதனால் பூட்டினது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்டு வாங்கின வரியால் கம்பி கெட்டது. அவர்கள் போட்ட வரியால் அவசரம் வந்தது. அவசரத்தில் ரிங் விழுந்தது. கார்டு எடுக்காமல் இருந்திருந்தாலும் வரி வந்திருக்கும், ஷெட் பூட்டியிருக்கும் என்று தவமணி அண்ணன் சொல்கிறார். இருக்கலாம். அந்த நாற்பது பெட்டி போகாமல் இருந்திருந்தால் அந்தப் பார்ட்டி இன்னும் நம்மிடம் வாங்கிக்கொண்டிருப்பானோ என்றும் தோன்றுகிறது. எத்தனை பங்கு வரி, எத்தனை பங்கு நான் என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. படித்தவர்களும் சொல்லவில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த நாற்பது பெட்டியில் மெலிந்த போல்ட் இருந்தது. லாரி வாசலில் நிற்கும்போது, இருபத்தேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதைக் கண்டுபிடித்துச் சரக்கை நிறுத்தியது ஜெயராணி. கப்பலூரில் மேஜைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால், கார்டு வைத்ததற்கு நேரே அவள் நம்பர் இருக்கட்டும். எடுத்ததற்கு நேரே இருபத்தேழை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதிக்கொள்ளுங்கள்.